ஏற்காட்டில் வெள்ளி பார்க்கப் போன வெள்ளிக்காரன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏழாவது படிக்கும் மகளின் நச்சரிப்பு தாங்காமல், ஏற்காட்டில் ஒரு விடுதிக்காரர்கள் நடத்தும் வானம் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஆளுக்கு 600 ரூபாய்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் உட்கார்ந்தால் நாற்காலியெல்லாம் ஈரம். தொலைநோக்கியில் வெள்ளிக் கிரகத்தை ஆளுக்கு ஒரு நிமிஷம் பார்த்தோம், அரை நிலா மாதிரி இருந்தது. அதற்குள் பனி இறங்கிவிட்டது. பாதிப் பணமாவது உண்டா என்றேன். “பனிக்கு நாங்க என்னண்ணா பண்றது” என்றார் அங்கிருந்த தம்பி.

ஆனால் அப்புறம் அவர் பேசியதுக்குக் காசு தரலாம். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் பூமி மாதிரி காந்தப்புலம் கிடையாதாம். நொடிக்கு சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்று நேராக வளிமண்டலத்தின் உச்சியிலேயே மோதுகிறது. செவ்வாயிலிருந்து நொடிக்கு சுமார் 100 கிராம் வாயு இப்படிப் பறிபோவதாக மேவன் விண்கலம் அளந்து 2015-இல் அறிவித்தார்கள். நொடிக்கு ஒரு ஜோடி கொலுசு! சேதாரம் பார்த்தே பிழைக்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கியது.

“அப்ப வெள்ளியில மட்டும் பூமியைவிட 90 மடங்கு அழுத்தம் எப்படி?” என்றாள் மகள்.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டு மேல் வாயு மின்சாரம் கடத்தும் அயனிமண்டலமாகிறது. சூரியக் காற்று தன்னோடு சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது. அது உரசிப் போகும்போது அயனிமண்டலத்தில் மின்னோட்டம் பிறந்து, அந்த மின்னோட்டமே ஒரு காந்தப்புலத்தை எழுப்பி, வந்த காற்றை ஒதுக்கி விடுகிறது.

எனக்கு இது புதுசில்லை. வெள்ளிக் கட்டி வந்தால் சாய்த்துப் பிடித்து மேலே பலமான காந்தம் ஒன்றை வைப்போம். ஒட்டாது, ஆனால் எண்ணெய் வழிகிற மாதிரி மெதுவாக இறங்கும். உள்ளே ஈயம் என்றால் சரக்கென்று வழுக்கிவிடும். காந்தம் நகர நகர வெள்ளியில் மின்னோட்டம் பிறந்து அதைத் தடுக்கிறது, அதே சங்கதிதான்.

செவ்வாய்க்கும் அதே வேலிதான். ஆள் சிறிசு, இழுத்துப் பிடிக்கும் தெம்பு கம்மி. வெள்ளியின் வேலியிலும் ஓட்டை உண்டு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று, அதாவது தண்ணீரின் கணக்கில், வெளியேறுவதை வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் கண்டது. கனத்த கார்பன் டை ஆக்சைடு அங்கேயே தங்கிவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை. கிளம்பும்போது, அடுத்த முறை காட்டுவதற்கு ஒரு வெள்ளிக் கட்டி இரவல் கிடைக்குமா என்று கேட்டார். முதலில் நாற்காலியைத் துடைங்க தம்பி என்றேன்.