தேக்கா மாடியில் அரை அங்குலம்

பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து மணி நேரம். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைக்கூடத் தொட வேண்டாம். விமானம், குடிநுழைவு, பெட்டி எல்லாம் ஒழுங்காக நடந்தன, அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ஒரு ரவிக்கையைப் பற்றி.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வந்த இரண்டாம் நாளே அம்மா என்னை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையின் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அம்மா இன்னும் கேகே மார்க்கெட் என்றுதான் சொல்வார், கண்டாங் கெர்பாவ் என்ற பழைய பெயர்க் காலத்து ஆள். கீழே மீன் வாசம், மேலே புதுத்துணி வாசம், நடுவில் மின்படிக்கட்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்த அதே ஆன்ட்டி, அதே மூலை, அதே முக்காலி. அளவெழுதும் நோட்டுப் புத்தகம் மட்டும் எத்தனையாவதோ தெரியவில்லை. அதில் என் பக்கத்தின் தலைப்பு ‘பெர்த் தங்கச்சி’.

அளவு எடுக்காமலே துணியை வாங்கிக்கொண்டார். “போன தடவ எடுத்தது இருக்கு தங்கச்சி. வியாழக்கெழம வா.”

வியாழக்கிழமை போனேன். வெட்டக்கூட இல்லை. “காஜா போடற பொண்ணு வரல, சனிக்கெழம வந்துரு.” வெட்டாத துணிக்கு எங்கே காஜா? பெர்த்தில் கேனிங் வேலில் ஒரு அம்மா ரவிக்கை தைக்கிறார். கூலி இங்கே கொடுப்பதைப்போல மூன்று மடங்கு, ஆனால் சொன்ன தேதியில் குறுஞ்செய்தி வந்துவிடும். உடம்பில் மாட்டினால்தான் தலையணை உறை மாதிரி இருக்கும். அதனால்தான் நானும் இந்த வியாழக்கிழமைகளைச் சகித்துக்கொண்டு திரும்பத் திரும்ப இங்கேயே வருகிறேன்.

சனிக்கிழமை திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் பட்டி மேலே ஏறி நின்றது. இழுத்துவிட்டால் இறங்கும், கையைத் தூக்கினால் மறுபடி ஏறும். ஆன்ட்டி திரைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் வைத்தார், மறுபடி வைத்தார். நோட்டைப் புரட்டினார்.

“டாட் பாயின்ட் அதே எடத்துலதான் இருக்கு. பாயின்ட்டுக்குக் கீழதான் துணி பத்தல. இந்தப் பக்கம் மட்டும் அரை இஞ்சு. போன டிசம்பர்ல ரெண்டும் ஒண்ணாதான எழுதியிருக்கேன்?” மார்புக்காகத் துணியில் பிடிக்கும் மடிப்புத் தையல்தான் டாட், அதன் முனை பாயின்ட்.

திரைக்கு அந்தப் பக்கம் முக்காலியில் அம்மா, கையில் பொட்டலம் கட்டிய தே தண்ணீர். “என்ன அரை இஞ்சு?” என்று குரல் வந்தது.

ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. “ஒண்ணுமில்லக்கா, ஒரு தோளு எறக்கமா இருக்கு. எப்பவும் ஒரே பக்கம் பேக் மாட்டுவா போல.”

கடந்த பதினாறு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மருத்துவச் சேவை அந்தப் பொய்தான். ஏன் என்று சொல்கிறேன்.

பதினாறு மாதத்துக்கு முன்பு பெர்த்தில் மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை செய்துகொண்டேன். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்த உடம்பு, நானே சம்பாதித்த பணம். வீட்டுக்காரருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. போன டிசம்பரில் என்னைப் பார்த்துவிட்டு, “பெர்த் சாப்பாடு ஒத்துக்கிட்டாப்ல இருக்கு” என்றார், அதோடு சரி. வட்ட வடிவ, சிலிக்கோன் ஜெல் நிரப்பிய இம்பிளான்ட், வழவழப்பு வகை, 275 சிசி, மார்புத் தசைக்கு அடியில். வெட்டு மார்புக்குக் கீழே இருக்கும் மடிப்பில்.

கொஞ்ச நாளாகவே கண்ணாடியில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. மடிப்புக்குள் ஒளிந்திருந்த தழும்பு இடது பக்கம் மட்டும் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. காம்பும் லேசாக மேலே பார்த்தது. பதினோராம் மாதம் கிளினிக்கைக் கூப்பிட்டேன். தாதி இனிமையாகப் பேசி, “செட்டில் ஆகிக்கொண்டிருக்கிறது, கவலை வேண்டாம்” என்றார். வீடியோ அழைப்பிலும் அதேதான், டாக்டருடைய அடுத்த நேரம் ஏழு வாரம் கழித்து. அதற்குள் நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டு அதை ரத்து செய்துவிட்டேன்.

அந்த ஊரில் தாளுக்குக் குறைவில்லை. 2023 ஜூலை 1 முதல் அழகுக்கான அறுவை என்றாலும் குடும்ப மருத்துவர் கடிதம் வேண்டும். அறுவைக்கு முன் இரண்டு முறை பார்க்க வேண்டும், ஒப்புதல் கொடுத்த பிறகும் ஏழு நாள் யோசிக்க விட வேண்டும். எல்லாம் நடந்தது. மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகம் நடத்தும் பதிவேட்டில் என் மார்புக்குள் இருப்பதன் வரிசை எண்கூட இருக்கிறது. என் டாக்டரும் டேப் வைத்து அளந்தவர்தான், அறுவைக்கு முன்பு. அப்புறம் அளந்தது தேக்கா மாடியில்தான்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் ஒரு மருத்துவக் கட்டடத்தில் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவருக்குப் போன் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் நேரம் கிடைத்தது! பெர்த்தில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கட்டணத்தைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், அது வேறு கதை.

முகப்பில் இருந்த பெண் “ஐசி?” என்று அடையாள அட்டை எண்ணைக் கேட்டாள். வாய் தானாக “எஸ் ஏழு எட்டு” என்று ஆரம்பித்துவிட்டது. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. சிங்கப்பூரில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பதால் அந்த அட்டையை அப்போதே இங்கே ஒப்படைத்தாயிற்று. நாக்குக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. “பாஸ்போர்ட், மேம்” என்றாள், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் ‘வெளிநாட்டவர்’ என்ற கட்டத்தில் அவள் குறி போட்டபோது மார்பைவிட அதுதான் வலித்தது. அடுத்து, “எதுக்காக வந்திருக்கீங்க?” சத்தமாக, பின்னால் சோபாவில் நாலு பேர் இருக்கும்போது. இந்த ஊர் இதில் மட்டும் மாறவே இல்லை. சின்ன வயதில் பலதுறை மருந்தகத்தில் வயிற்றுப்போக்கு என்று சொல்ல அம்மா எவ்வளவு சத்தம் போட்டாரோ, அதே சத்தத்தில் நானும் “இம்பிளான்ட்” என்றேன். பஸ், ரயிலுக்குத் தட்டும் ஈஸி லிங்க் அட்டை அளவில் ஒரு இம்பிளான்ட் அட்டை கொடுத்திருப்பார்களே, அதைக் கேட்டாள். நல்ல வேளை, போனில் படம் இருந்தது. இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சிசி என்று எதுவும் தெரியாமல் டாக்டர் பேச வேண்டியிருக்கும்.

டாக்டர் ஐம்பது வயதுச் சீனர், அளந்து பேசுபவர். முதலில் நிற்கச் சொன்னார், அப்புறம் படுக்கச் சொன்னார், கையை இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொன்னார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்தார் பாருங்கள், மஞ்சள் நிறத்தில் துணி டேப். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அளந்ததும் ஆன்ட்டி அளந்த அதே இடம்தான், காம்பிலிருந்து கீழ் மடிப்பு வரைக்கும். தோலை இழுத்துப் பிடித்து அளந்தார். வலது எட்டு சென்டிமீட்டர், இடது ஒன்பதரை.

தழும்பு மேலே ஏறவில்லையாம். மடிப்புத்தான் அதை விட்டுவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறதாம். இதை ‘பாட்டமிங் அவுட்’ என்கிறார்கள். அறுவை முடிந்ததும் இம்பிளான்ட் உயரத்தில்தான் நிற்கும், தசை இறுக்கமும் வீக்கமும் அப்படி. மூன்று மாதம் ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து அமரும். அதுவரைக்கும் ‘செட்டில் ஆகிறது, பொறுங்கள்’ என்பது சரியான பதில்தான். பதினோராம் மாதத்திலும் ஒரு பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் அது அமர்வது அல்ல. இம்பிளான்டைச் சுற்றி உடம்பு கட்டும் சவ்வுப் பைதான் அதைப் பிடித்து வைக்கும். பையின் கீழ் ஓரம் அளவுக்கு மேல் வெட்டப்பட்டிருந்தாலும், மடிப்பில் இருக்கும் திசு பாரம் தாங்காமல் நெகிழ்ந்தாலும் அது வழுக்கி இறங்கும். சிலருக்குப் படுத்தால் அக்குள் பக்கம் ஓடும், சிலருக்கு இரண்டும் நடுவில் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கீழே மட்டும்தான்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. அந்தச் சவ்வு சுருங்கி இறுகினால் மார்பு கல்லாகும், மேலே ஏறும், வலிக்கும். அதை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அமுக்கிப் பார்த்துவிட்டு “முதல் படி” என்றார், அதாவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால், சிவந்து காய்ச்சல் வந்தால், ஒரு நாளும் தள்ளிப் போடாமல் காட்ட வேண்டும் என்றார். 2019இல் திரும்பப் பெறப்பட்ட சொரசொரப்பு வகையா என்று அட்டையை இன்னொரு முறை பார்த்து, இல்லை என்று உறுதி செய்தார்.

அவசரம் ஒன்றுமில்லை. அல்ட்ராசவுண்டில் ஜெல் உறை முழுசாக இருந்தது. சரி செய்ய வேண்டுமென்றால் அதே தழும்பைத் திறந்து, பையின் கீழ் ஓரத்தை உள்ளிருந்து தைத்து மடிப்பை மேலே ஏற்றுவார்கள். திசு ரொம்ப மெலிந்திருந்தால் தாங்குவதற்கு ஒரு வலையோ தோல் படலமோ வைப்பார்கள். இன்னும் பெரிய இம்பிளான்ட் போட்டு மறைக்கலாமா என்று கேட்டேன். முதல் முறையாகச் சிரித்தார். “வெயிட்தானே பிரச்சினை” என்றார். சரி செய்யும் வரைக்கும் இராத்திரியிலும் தாங்கிப் பிடிக்கும் பிரா. அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “உங்கள் டாக்டரிடமே போங்கள், அவரிடம் அறுவைக் குறிப்பு இருக்கும்” என்று அனுப்பிவிட்டார். இங்கேயே செய்துகொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே மருத்துவச் செலவுக்கென்று சேரும் மெடிசேவ் பணம் அழகு அறுவைக்குக் கிடையாது. எனக்கு இப்போது மெடிசேவே கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் தனியாக தேக்காவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொன்ன ரவிக்கை, செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கும் மிஷினில்தான் இருந்தது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை.

ஆன்ட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த தாளை மட்டும் நீட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். “சென்டிமீட்டர்ல எழுதியிருக்காங்க” என்று சலித்துக்கொண்டு, டேப்பைத் திருப்பிப் பிடித்துக் கணக்குப் பார்த்தார். ஒன்றரை சென்டிமீட்டர்.

“நா அரைன்னேன். கொஞ்சம் கூடத்தான் இருக்கு.”

“இது மாதிரி வேற யாருக்காச்சும் தச்சிருக்கீங்களா ஆன்ட்டி?”

“ஒரு பக்கமே இல்லாதவங்களுக்கும் தச்சிருக்கேன். உள்ள பஞ்சு வச்சி.” ஊசியில் நூலைக் கோத்தார். “சரி பண்ணப் போறியா?”

“பண்ணணும்னு நெனைக்கிறேன்.”

ரவிக்கையைத் திருப்பி உள்பக்கம் காட்டினார். இடது டாட்டுக்குக் கீழே புதிதாக ஒரு துண்டு. அதன் ஓரத்தில், வலது பக்கத்தில் இல்லாத அகலத்துக்கு, துணி மடித்து விடப்பட்டிருந்தது.

“மார்ஜின் விட்டிருக்கேன். பண்ணிட்டு வா, பிரிச்சித் தாறேன். இப்பக் கூலி ஒண்ணும் வேணாம், அப்ப அஞ்சு வெள்ளி குடு.”

நோட்டில் ‘பெர்த் தங்கச்சி’க்குக் கீழே பேனாவில் இருந்த அளவை அடிக்காமல், பக்கத்தில் புது அளவைப் பென்சிலில் எழுதினார்.