டிவிக்குப் பின்னாடி 4 வருஷமா ஓடுற ஹார்ட் டிஸ்க்: கரப்ட் ஆனதும் மீட்டதும்

2 டெராபைட் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு, ஒரு சின்ன போர்டு கம்ப்யூட்டர், அதுல கோடி (Kodi)-ங்கற மீடியா சென்டர் சாஃப்ட்வேர், 2014 வரைக்கும் எக்ஸ்பிஎம்சின்னு பேரு இருந்துச்சே அதேதான். இது மூணையும் டிவிக்குப் பின்னாடி வெச்சு 4 வருஷத்துக்கு மேல ஓட்டிட்டிருக்கேன். முதல் வருஷம் முடியறதுக்குள்ளயே டிஸ்க் மொத்தமா கரப்ட் ஆகி எனக்கு உயிரே போயிடுச்சு. இன்னைக்கும் அதே டிஸ்க்தான் ஓடுது, அதனாலதான் இத விரிவா எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா நிறைய பேர் இந்த மாதிரி ஆனதும் ஒண்ணு சாஃப்ட்வேரத் திட்டறாங்க இல்ல டிஸ்க்கத் தூக்கிப் போட்டுடறாங்க.

ஆரம்பத்துல டிஸ்க்க எக்ஸ்ஃபேட்ல (டிஸ்க்ல ஃபைல அடுக்கி வெக்கற ஒரு ஃபைல் சிஸ்டம்) ஃபார்மேட் பண்ணியிருந்தேன். லேப்டாப், டிவி, போர்டு எதுல சொருகினாலும் படிக்கும், 4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைலும் போகும், வேற என்ன வேணும்னு நினைச்சேன். பவருக்கு வீட்ல சும்மா கிடந்த ஃபோன் சார்ஜர். ராத்திரி படம் முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் சுவிட்ச் போர்டுல மொத்தமா ஆஃப் பண்ணிட்டுப் படுக்கப் போயிடுவோம். எட்டு மாசம் இப்படியே ஓடுச்சு, ஒரு குறையும் இல்ல.

அப்புறம் படம் நடுவுல நிக்க ஆரம்பிச்சுது. ஸ்க்ரீன் மூலைல அப்பப்ப மஞ்சளா ஒரு மின்னல் குறி (போர்டுக்கு பவர் பத்தலங்கற எச்சரிக்கை) வந்து போகும், அத நான் கண்டுக்கவே இல்ல, அதுதான் பெரிய தப்பு. ஒருநாள் போஸ்டர் எல்லாம் அழகா வரிசையா நிக்குது, எதத் தொட்டாலும் இந்த ஃபைல் இல்ல, லைப்ரரில இருந்து எடுத்துடவான்னு கேக்குது. டிஸ்க்கக் கழட்டி லேப்டாப்ல போட்டா பாதி ஃபோல்டர் பேரு கட்டம் கட்டமா, கேள்விக்குறியா இருக்கு, குடும்ப வீடியோ ஃபோல்டர் 0 பைட். பொண்ணு முதல்முதலா நடந்த வீடியோ அதுக்குள்ளதான் இருந்துச்சு, ஃபோன்ல இடம் இல்லன்னு அத முந்தின மாசம்தான் அழிச்சிருந்தேன். கை நடுங்கிடுச்சு.

பதட்டத்துல நேரா விண்டோஸோட செக்டிஸ்க் டூல ஓட்டிட்டேன். இத மட்டும் யாரும் பண்ணாதீங்க. செக்டிஸ்க்கோட வேலை ஃபைல் சிஸ்டத்த ஒழுங்கு பண்றது, உங்க ஃபைலக் காப்பாத்தறது இல்ல. அது டிஸ்க் மேலயே எழுதும். முடிஞ்சப்ப ஃபவுண்ட்.000-ன்னு ஒரு ஃபோல்டரும் உள்ள பேரே இல்லாத நூத்துக்கணக்கான சிஹெச்கே ஃபைலும்தான் மிச்சம். முதல்ல செஞ்சிருக்க வேண்டியது டிடிரெஸ்க்யூங்கற காப்பி டூல் வெச்சு டிஸ்க்க அப்படியே இன்னொரு டிஸ்க்ல இமேஜா எடுக்கறது, எந்த ரிப்பேரா இருந்தாலும் அந்த இமேஜோட காப்பி மேலதான். லேட்டா அதத்தான் செஞ்சேன், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக்னு ரெண்டு மீட்பு டூலையும் அந்தக் காப்பில ஓட்டினேன். ஃபோட்டோரெக் ஃபைலோட பேரு, ஃபோல்டர் எதையும் பாக்காம உள்ளடக்கத்த வெச்சே தேடி எடுக்கும், ஆனா ஃபைல் டிஸ்க்ல துண்டு துண்டா இருந்தா முதல் துண்டோட நின்னுடும். அந்த வீடியோ அப்படித்தான் கிடைச்சுது, பாதி ஃபைல், ஓடல. எம்பி4-ல எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கற இண்டெக்ஸ ஃபோன் கேமரா பெரும்பாலும் கடைசிலதான் எழுதும், அதான் வால் போனா ப்ளேயருக்கு தலை கால் புரியாது. அதே ஃபோன்ல எடுத்த நல்ல வீடியோ ஒண்ண மாதிரியா காட்டினா அன்ட்ரங்க்-ங்கற டூல் அந்த இண்டெக்ஸ திரும்பக் கட்டிக் குடுக்கும். ரெண்டு நிமிஷ வீடியோல ஒரு நிமிஷம் பத்து செகண்ட் வந்துச்சு. அவ நாலு அடி வெச்சு உக்கார்ற வரைக்கும் இருக்கு.

சரி, ஏன் ஆச்சு? டிஸ்க்கோட ஸ்மார்ட் டேட்டாவ, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையப் பத்தி தானே எழுதி வெக்கற கணக்க, எடுத்துப் பாத்தேன். அதுல 5, 197, 198-ம் நம்பர் கணக்கு மூணும் 0, அதாவது செக்டர் எதுவும் கெடல. ஆனா 192, திடீர்னு பவர் போய் ஹெட்ட அவசரமா உள்ள இழுத்துக்கிட்ட எண்ணிக்கை, 212. ராத்திரி சுவிட்ச ஆஃப் பண்ணினது பூரா அங்க பதிவாகியிருக்கு. போர்டோட கெர்னல் லாக்ல (சிஸ்டம் பதிவு) பாத்தா வோல்டேஜ் குறையுது, உடனே யூஎஸ்பி கட் ஆகுது, டிஸ்க் வேற பேர்ல திரும்ப வருது, ஒரே படத்துக்குள்ள மூணு தடவை. யூஎஸ்பி 2 ஸ்பெக் படி ஒரு போர்ட்டுக்கு 500 மில்லி ஆம்ப், யூஎஸ்பி 3-க்கு 900. டிஸ்க் சுத்த ஆரம்பிக்கற அந்த சில செகண்ட்ல அதவிட அதிகமாவே இழுக்கும், ஒல்லியான கேபிள் போட்ட ஃபோன் சார்ஜர் என்ன பண்ணும் பாவம்.

படம் பாக்கறது வெறும் ரீட்தானே, எப்படி கரப்ட் ஆகும்னு நானும் கேட்டேன். என் செட்டப்ல சப்டைட்டில் டவுன்லோட், படத்துப் பக்கத்துலயே எக்ஸ்போர்ட் பண்ணின என்எஃப்ஓ ஃபைல் (படத்தோட விவரம்), போஸ்டர்னு சின்னச் சின்னதா எழுதிக்கிட்டேதான் இருந்திருக்கு. அந்த நேரம் பவர் போச்சுன்னா எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னலிங், அதாவது செய்யப் போற மாத்தத்த முன்னாடியே குறிச்சு வெக்கற வசதி, கிடையாது, பாதில நின்ன வேலைய முடிக்க வழி இல்ல. பழைய ஃபேட்32-ல கூட ஃபேட் டேபிள் (ஃபைல் எங்க எங்க இருக்குங்கற அட்டவணை) ரெண்டு காப்பி இருக்கும், எக்ஸ்ஃபேட்ல வழக்கமா ஒண்ணுதான்.

அப்புறம் விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் போட்டு ரெண்டு வாரம் பாத்தேன். ஜர்னல் இருக்கு, லினக்ஸ் கெர்னல்லயே 2021-ல 5.15-ல இருந்து புது டிரைவரும் இருக்கு, ஆனா விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (முழுசா அணையாம பாதி தூக்கத்துல போறது) ஆன்ல இருக்க ஷட்டவுன் பண்ணிட்டு டிஸ்க்கப் பிடுங்கி இங்க சொருகினா எழுத விடாம அடம் பிடிக்குது. கடைசில ஈஎக்ஸ்டி4-க்கு (லினக்ஸோட ஃபார்மேட், ஜர்னல் உண்டு, ஆனா விண்டோஸ் நேரா படிக்காது) மாத்திட்டேன், லேப்டாப்ல நேரா சொருகற பழக்கத்தையே விட்டாச்சு, சாம்பா ஷேர் வழியா நெட்வொர்க்லதான் காப்பி. தனி அடாப்டர் உள்ள பவர்டு ஹப் போட்டேன், போர்டுக்கும் சரியான சார்ஜர். போஸ்டர், என்எஃப்ஓ எக்ஸ்போர்ட்ட நிறுத்தி எல்லாம் போர்டோட கார்டுலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ரிமோட்ல ஷட்டவுன் குடுத்து டிஸ்க் லைட் அணைஞ்சப்புறம்தான் சுவிட்ச், இதுக்கு வீட்ல எல்லாரையும் பழக்கறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலையா இருந்துச்சு.

ஹப்போட யூஎஸ்பி 3 போர்ட்டுக்குப் போனதும் இன்னொரு தலைவலி, பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போது யூஏஎஸ்-ங்கற வேகமான யூஎஸ்பி டிஸ்க் டிரைவரோட எரர் வந்து டிஸ்க் தொங்கிடும். சில டிஸ்க் பெட்டிக்குள்ள இருக்கற யூஎஸ்பி-சாட்டா சிப்புக்கும் அந்த டிரைவருக்கும் ஒத்துப் போகாது. போர்டு பூட் ஆகற லைன்ல யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்ங்கற செட்டிங் போட்டு யூஏஎஸ்ஸ ஆஃப் பண்ணினேன். ஸ்பீடு கொஞ்சம் குறைஞ்சுது, பரவால்ல, அதுக்கப்புறம் ஒரு தடவை கூட தொங்கல.

குடும்ப வீடியோ மட்டும் இப்ப இன்னொரு டிஸ்க்லயும் இருக்கு. மாசம் ஒருதடவை சொருகி ஆர்சிங்க்னு ஒரு காப்பி டூல ஓட்டிட்டுக் கழட்டி அலமாரில வெச்சிடுவேன். அப்பவே ஸ்மார்ட்டையும் பாத்துடுவேன். போன வாரம் பாத்தப்ப 192-ல 219. மூணு வருஷத்துக்கு மேல ஆகியும் ஏழுதான் கூடியிருக்கு, எல்லாம் கரண்ட் போனது.