வீட்டிலேயே ஸ்ட்ரட், ஸ்பிரிங் மாற்றிய ஸ்விஃப்ட்: எல்லாம் சரி, அந்த மவுண்ட் பேரிங்தான்!

வேகன்ஆர் வைத்திருக்கும் நண்பன் போன் செய்து, "ஷாக்ல ஆயில் லீக் ஆகுதுன்னு சொல்றாங்க, நீதான் வீட்டுலயே மாத்தினியே, நானும் மாத்தலாமா?" என்று கேட்டான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன், அதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகும்.

என்னுடையது இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட், 2011இல் வந்த மாடல். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தன்மேல் தாங்கி நிற்கும் ஷாக்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் உத்தரம்). முன் பின் இரண்டிலும் ஷாக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினேன். லீக் ஆனது ஒரு பக்கம்தான் என்றாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி ஒரு பக்கமாக நடந்துகொள்ளும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். குழியில் விழும் அடி குறையும் என்று எதிர்பார்த்தேன், குறைந்தது. எதிர்பார்க்காதது ஹெட்லைட். பழைய ஷாக்கோடு ஈசிஆரில் ராத்திரி போகும்போது ஒவ்வொரு மேடு தாண்டியதும் வெளிச்சம் இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆடித்தான் அடங்கும், எதிரே வருபவர் நான் டிப்பர் அடிக்கிறேன் என்று நினைத்து பதிலுக்கு அடிப்பார். இப்போது ஒரே அசைவு, அதோடு சரி. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிவதும் நன்றாகக் குறைந்துவிட்டது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அது ஆட ஆரம்பித்தால் பிடித்து நிறுத்துவது ஷாக். வண்டி தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மேடு தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போயிருக்கிறது. ராத்திரி ஓட்டுவதற்காக மட்டுமே இந்தச் செலவு செய்யலாம், அவ்வளவு வித்தியாசம்.

பின்பக்க வேலை சுலபம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடவே கூடாது), பீமுக்கு ஒரு ஜாக்கி கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்து பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரெஸர் தேவையே இல்லை.

முன்பக்கம் அப்படி இல்லை. ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டும் வருடக்கணக்கில் மழைத்தண்ணீர் குடித்துத் துருவோடு இறுகியிருக்கும், முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் இருந்தால் சென்சார் வயர், இரண்டையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்துவிட்டு, நக்கிள் வெளியே சாயாமல் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும், இல்லையென்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் உள்ளே கழன்றுவிடும். அப்புறம் ஸ்பிரிங் கம்ப்ரெஸர். எதிரெதிர் பக்கம் கொக்கி மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி முறுக்கி, ஸ்பிரிங் மேல் தட்டை விட்டு விலகி லூசான பிறகே நடு நட்டில் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கழற்றினால் உயிர் போகும், மிகைப்படுத்தவில்லை. ஸ்ட்ரட்டின் நடு ராடைப் பிளேயரால் பிடிக்கக் கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் போகப் போக அது ஆயில் சீலை அறுத்துவிடும். ஆலன் கீயால் ராடின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். மாட்டும்போது ஸ்பிரிங்கின் கீழ்முனை தட்டில் உள்ள படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஒழுங்காகவே முடிந்தது. என் கோபம் வேறு. ஸ்ட்ரட் வாங்கினால் டப்பாவில் ஸ்ட்ரட் மட்டும்தான் இருக்கிறது. பம்ப் ஸ்டாப்பர் தனி, டஸ்ட் கவர் தனி, ஸ்ட்ரட்டின் தலையை பாடியோடு பிடிக்கும் மேல் மவுண்ட் தனி, ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் சுற்ற வழிவிடும் பேரிங் தனி. சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று கடை கடையாக அலைந்து எல்லாவற்றையும் புதிதாகவே வாங்கினேன். பேரிங் மட்டும் கம்பெனி பார்ட் கிடைக்கவில்லை, "எல்லாரும் இதைத்தான் சார் போடுறாங்க" என்று கடைக்காரர் கொடுத்ததைப் போட்டேன். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடது பக்கம் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. தம்பியை ஸ்டீயரிங் திருப்பச் சொல்லி ஸ்பிரிங்கின் மேல் லேசாக விரல் வைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் முறுக்கிக்கொண்டே போய்த் திடீரென்று துள்ளி விடுபடுகிறது. பேரிங் இறுகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சில நூறு ரூபாய்ச் சாமான். ஆனால் அது உட்கார்ந்திருப்பது ஸ்பிரிங்கின் தலைமேல், அதனால் அதை மட்டும் மாற்ற வழியே இல்லை. சக்கரம் கழற்றி, நக்கிள் போல்ட் கழற்றி, கம்ப்ரெஸர் போட்டு, முழு வேலையும் மறுபடி. நக்கிள் போல்ட்டைத் தொட்டால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மாறும், ஆக வீல் அலைன்மென்ட் செலவும் மறுபடி. ஸ்ட்ரட் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? ஸ்ட்ரட் மாற்றுகிறவர் எல்லோருக்கும் வேண்டிய பேரிங்கையும் ரப்பரையும் அதே டப்பாவில் போட்டு, அதற்கும் சேர்த்து விலை வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நியாயமாகப் பார்த்தால் ஸ்ட்ரட்டின் மேல் குறை இல்லை, இன்றுவரை ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை, ஸ்பிரிங்கும் உயரம் குறையவில்லை. ஆனாலும் தினமும் வண்டியை எடுக்கும்போது காதில் விழுவது அந்த 'டொய்ங்'தான்.

நண்பனிடம் முன்பக்கம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பின்பக்கத்தை நீயே மாற்று, முன் ஸ்ட்ரட்டுக்கு மேல் மவுண்ட், பேரிங் இரண்டும் கம்பெனி பார்ட்டாகக் கையில் கிடைக்கும்வரை ஒரு போல்ட்டையும் தொடாதே, கிடைத்த பிறகும் ஸ்பிரிங் ஏற்றுவதை பெஞ்ச் கம்ப்ரெஸர் இருக்கும் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள் என்றேன். நான் கம்பெனி பேரிங்குக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், வலது பக்கத்துக்கும் சேர்த்து இரண்டாக.