இரண்டு வீடு, ஒரே பெட்டி: மைன்கிராஃப்ட்டோடு இரண்டு வருடம்

விவாகரத்துக்குப் பிறகு என் மகன் வார நாட்களில் என்னிடம், சனி ஞாயிறு அவன் அப்பாவிடம். கணக்கு நோட்டு அங்கே, கண்ணாடி இங்கே என்று எதையாவது விட்டுவிட்டு வந்து அழுவான். அப்போது 9 வயது. வேறு எதையும் வாய் திறந்து சொல்லமாட்டான்.

அவன் விளையாட்டில் நீங்களும் போய் உட்காருங்கள் என்று கவுன்சிலர்தான் சொன்னார். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளுக்காகவே ‘எர்த்குவேக் இன் ஜிப்லேண்ட்’ என்று ஒரு கணினி விளையாட்டு உண்டு. ஜிப்பால் இணைந்திருந்த தீவு நிலநடுக்கத்தில் இரண்டாகிவிடும். அதை மறுபடி சேர்க்கப் போராடுவதுதான் கதை. அது பழைய விளையாட்டு. கட்டை கட்டையாக அடுக்கி நமக்கென்று ஒரு உலகத்தையே கட்டும் விளையாட்டு மைன்கிராஃப்ட். அவனுக்குப் பிடித்த அதையே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மைன்கிராஃப்ட்டின் ரெல்ம்ஸ் என்ற இணையச் சேவைக்குச் சந்தா கட்டினால் நாம் கட்டும் உலகம் அவர்கள் சர்வரில் இருக்கும். எந்த வீட்டில் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிறிய சந்தாவிலேயே அவனோடு இன்னும் இருவர் சேரலாம். அம்மா, அப்பா, அவன்.

முதலில் ஆற்றின் இரு கரையிலும் இரண்டு வீடு கட்டினான். அப்புறம் எண்டர் செஸ்ட் என்ற பெட்டி. இந்தப் பெட்டியை எத்தனை இடத்தில் வைத்தாலும், ஒன்றில் போட்ட பொருள் எல்லாவற்றிலும் அவனுக்குக் கிடைக்கும். ஒன்று செய்ய விளையாட்டுக்குள் 8 அப்சிடியன் என்ற கருங்கட்டையும் ஐ ஆஃப் எண்டர் என்ற ஒரு பொருளும் வேண்டும். எல்லாப் பொருளும் கேட்காமலே கிடைக்கும் கிரியேட்டிவ் மோடில் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம், அவன் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டிய சர்வைவல் மோடில் தேடித்தேடி இரண்டு பெட்டி செய்ய ஒன்றரை மாதம் ஆனது.

“இங்க வச்சா அங்கயும் இருக்கும்மா” என்றான்.

அன்றைக்குத்தான் அந்த அழுகை எனக்குப் புரிந்தது. அந்த வாரமே தலையணை, கலர் பென்சில், இன்னொரு கண்ணாடி என்று எல்லாமே இரண்டு வீட்டிலும் வாங்கி வைத்தோம்.

ஒரு தவறும் செய்தேன். விளையாடிக்கொண்டே, “அப்பா வீட்டுக்கு யாரெல்லாம் வந்தாங்க?” என்று துருவினேன். டேப்லெட்டை மூடிவிட்டான். மூன்று வாரம் என்னைச் சேர்க்கவே இல்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், பிள்ளை நம்பி நம்மை உள்ளே விட்ட இடம் அது.

குறை என்றால் நேரக் கணக்கு. அங்கே ஒரு அளவு, இங்கே ஒரு அளவு என்று சண்டை. 45 நிமிடம் என்று இருவரும் ஒத்துக்கொள்ளவே பல மாதம் பிடித்தது. இரவில் பயந்து எழுவது மட்டும் விளையாட்டால் போகவில்லை, கவுன்சிலிங்கில்தான் மெல்லக் குறைந்தது.

இப்போது அவனுக்கு 11 வயது. மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் உள்ளே போகிறான். சந்தாவை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். கட்டிக்கொண்டிருக்கிறேன்.