பழைய மஸ்டாங்கும் இன்றைய எஃப்-150 பிக்கப்பும்

1964 ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங் காரையும், அதே நிறுவனத்தின் இன்றைய எஃப்-150 பிக்கப் சுமைவண்டியையும் அடுத்தடுத்து ஓட்டுபவருக்கு முதலில் புலப்படுவது வேக வேறுபாடு அன்று, பிரேக்கின் வேறுபாடே. தொடக்ககால மஸ்டாங்கில், சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் டிரம் பிரேக்குகளே வழக்கமாகப் பொருத்தப்பட்டன. பிரேக் எண்ணெய்க்கு ஒரே சுற்றுதான் இருந்ததால், ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் செயலிழந்துவிடக்கூடும். பிக்கப்பில் பிரேக் எண்ணெய்க்கு இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருப்பதால் அந்த அச்சம் வெகுவாகக் குறைகிறது.

மஸ்டாங்கின் 4.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் நான்கு துளைக் கார்புரேட்டருடன் 225 குதிரைத்திறன் தரும் என்று அறிவிக்கப்பட்டது. விசிறி, சைலன்சர் போன்றவற்றின் இழப்பைக் கழிக்காத அக்காலக் கணக்கு அது. எனவே சக்கரத்தை எட்டியது அதைவிடக் குறைவே. பிக்கப்பின் 3.5 லிட்டர் வி6 எஞ்சின், காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போவின் துணையுடன், ஏறத்தாழ 400 குதிரைத்திறனை அலட்டிக்கொள்ளாமல் தருகிறது.

ஆயினும், கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்களும் தாழ்ந்த முகப்பும் கொண்ட மஸ்டாங்கிலிருந்து சாலை தெளிவாகத் தெரிகிறது. பிக்கப்பின் உயர்ந்த முகப்போ அருகிலுள்ளவற்றை மறைத்துவிடுகிறது. சுமை இழுக்கவும் நாள்தோறும் ஓட்டவும் பிக்கப்பையே பரிந்துரைப்பேன். மஸ்டாங்கை விரும்புவோர், வண்ணப்பூச்சின் பளபளப்பில் மயங்காமல், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றறையிலும் தரைத்தகட்டிலும் துரு உள்ளதா என்று பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.