சம்ப்புக்கு அலாரம்: திங்ஸ்போர்டு ஏபிஐயோடு இரண்டு வருஷம்

எங்கள் அபார்ட்மென்ட் மடிப்பாக்கத்தில், 18 வீடு. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காக ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை, அதனால் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், தண்ணீர் குறைந்தால் தானாகச் சொல்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று செயலாளர் மாமா 2023 ஜூனில் கேட்டபோது நானே போய்த் தலையைக் கொடுத்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டி எலக்ட்ரானிக் போர்டு ஒன்று, ஒலியை அனுப்பித் தூரம் அளக்கிற, தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று. 20 சென்டிமீட்டருக்கும் கிட்டே இருப்பதை அந்த சென்சார் ஒழுங்காக அளக்காது, அதனால் சம்ப் வாயில் கொஞ்சம் உயர்த்தி மாட்டினேன். என் வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அதில் திங்ஸ்போர்டின் இலவசப் பதிப்பு. சென்சார் அளவுகளை வாங்கி வைத்து டாஷ்போர்டில் காட்டி, அலாரமும் வைத்துக்கொள்கிற மென்பொருள் அது. தண்ணீர் அளவு எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக வரும், அலாரத்தை மட்டும் நான் எழுதிய ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஏபிஐ (ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் வேலை சொல்கிற வழி) மூலம் போடும். திங்ஸ்போர்டின் டிவைஸ் ப்ரொஃபைல் என்ற செட்டிங்கிலேயே அலாரம் ரூல் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். எனக்கு லாரி புக் ஆகியிருக்கிறதா என்று மாமாவின் கூகுள் ஷீட்டையும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அலாரம் போடுவது சுலபம். லாகின் செய்து டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்கி, எந்த டிவைஸ், என்ன வகை, எவ்வளவு தீவிரம் என்று ஜேசன் வடிவத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுதி அனுப்பினால் முடிந்தது. தீவிரம் ஐந்து படி, கிரிட்டிக்கலில் ஆரம்பிக்கும். வகைக்கு நம் இஷ்டப்படி பெயர் வைக்கலாம்.

முதல் நாள் 200, அதாவது 'சரி', என்று பதில் வந்தது, டாஷ்போர்டில் ஒன்றையும் காணோம். திரும்பத் திரும்ப அனுப்பினேன், எல்லாம் 200. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, நேரத்தை மில்லிசெகண்டில் கேட்கிற இடத்தில் நான் செகண்டில் கொடுத்திருக்கிறேன். நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணுவார்கள், அதனால் என் அலாரம் 1970 ஜனவரி 20ஆம் தேதியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அப்புறம் டோக்கன். மாற்றாமல் விட்டால் அதன் ஆயுள் 9000 செகண்ட், அதாவது இரண்டரை மணி நேரம். சாயங்காலம் ஓடிய ஸ்கிரிப்ட் ராத்திரியில் 401, அதாவது 'அனுமதி இல்லை', வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது. புதுப்பிக்க எழுதாதது என் சோம்பல்.

இதெல்லாம் சில்லறை. நிஜமாக மாட்டிக்கொண்டது ஆகஸ்டில். ஒரு முறை தண்ணீர் 25 சதவீதத்துக்குக் கீழே போனது, அலாரம் வந்தது, டெலிகிராமில் எல்லோருக்கும் செய்தி போனது, 12,000 லிட்டர் லாரி வந்து நிரப்பியது. வாட்ச்மேன் அண்ணன் போனில் 'ஆக்னாலெட்ஜ்' அழுத்தினார், சரி, வேலை முடிந்தது என்று நானும் விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் காலை ஆறரை மணிக்கு மாமா கதவைத் தட்டினார். "என்ன தம்பி, உன் மெஷின் தூங்கிடுச்சா? குழாயில காத்துதான் வருது."

தூங்கவில்லை. ஒரே டிவைஸுக்கு ஒரே வகை அலாரம் ஏற்கெனவே ஆக்டிவாக இருந்தால் திங்ஸ்போர்டு புதிதாக ஒன்று போடாது, பழையதன் முடிவு நேரத்தை மட்டும் நகர்த்திவிடும். டாக்குமென்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. ஆக்னாலெட்ஜ் என்றால் 'பார்த்துட்டேன்', அவ்வளவுதான். கிளியர் செய்தால்தான் 'சரியாயிடுச்சு'. இரண்டும் தனித்தனி கணக்கு. நான் கிளியர் எழுதவே இல்லை, புது அலாரம் பிறந்தால் மட்டுமே செய்தி அனுப்பும்படி வைத்திருந்தேன், ஆகவே மூன்று வாரமாகப் பழைய அலாரம்தான் உயிரோடு இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஸ்கிரிப்டில் முக்கால்வாசி கிளியர் பற்றித்தான். 25க்குக் கீழே போனால் அலாரம், 40ஐத் தாண்டினால் கிளியர். இடைவெளி விடாமல் இரண்டுக்கும் 25 என்றே வைத்துப் பார்த்தேன், லாரிக்காரர் குழாயைத் திறந்ததும் தண்ணீர் அலம்புகிற அலம்பலில் அலாரம் வந்து வந்து போய், டெலிகிராமில் அன்றைக்குப் பதினோரு செய்தி. மூன்றாவது மாடி அக்கா குரூப்பை விட்டே போய்விட்டார்.

டிசம்பரில் மிக்ஜாம். மூன்று நாள் கரன்ட் இல்லை, ராஸ்பெர்ரி பையும் இல்லை, சென்சாரும் இல்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. கரன்ட் வந்ததும் முதல் அளவு வந்தது: 100 சதவீதம். புயலுக்கு முன்னால் போட்ட அலாரம் ஒன்று நிலுவையில் இருந்தது, என் ஸ்கிரிப்ட் அதை அழகாகக் கிளியர் செய்துவிட்டு "சம்ப் நிரம்பிவிட்டது" என்று எல்லோருக்கும் சொன்னது. நிரம்பித்தான் இருந்தது, தெருச் சாக்கடையோடு சேர்ந்த வெள்ளம். நல்லவேளை, வாட்ச்மேன் அண்ணன் மூடியைத் திறந்து பார்க்காமல் மோட்டார் போடுகிற ஆளில்லை.

அதனால் இப்போது இன்னொரு வகை சேர்த்திருக்கிறேன்: ஷீட்டில் லாரி இல்லை, ஆனால் அளவு ஏறுகிறது என்றால் கிரிட்டிக்கல். பெயர் 'அழையா விருந்தாளி'. இதை ஸ்கிரிப்ட் கிளியர் செய்யாது, சம்ப்பை நேரில் பார்த்தவர்தான் செய்ய வேண்டும். இதுவரை இரண்டு தடவை அடித்திருக்கிறது, இரண்டு தடவையும் மாமா ஷீட்டில் லாரியை எழுத மறந்திருந்தார்.