ஒருவர், அறுபத்து நால்வர், இருநூற்று எழுபத்திருவர்: அமெரிக்கச் சிற்றூர்கள் எதனால் நிற்கின்றன?

அமெரிக்காவின் மிகச் சிறிய ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சொல்லி வியப்பதோடு முடிந்துவிடுகின்றன. ஓர் ஊரில் ஒரே ஒருவர் வசிக்கிறார் என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அவர் எதைக் கொண்டு பிழைக்கிறார், தெருவிளக்குக்கு யார் பணம் கட்டுகிறார், அவருக்குப் பின் அந்த ஊர் சட்டப்படி என்னவாகும் என்ற கேள்விகளே எனக்கு அதைவிடச் சுவையானவையாகத் தோன்றுகின்றன. அவற்றை வைத்து நெப்ராஸ்காவின் மோனோவை, வயோமிங்கின் பியூஃபர்ட், டெக்சாஸின் லவிங் கவுண்டி, அலாஸ்காவின் விட்டியர் ஆகிய நான்கு இடங்களை இங்கே எடை போடுகிறேன். எண்ணிக்கையில் நான்குமே சிறியவை என்பதைத் தவிர இவற்றுக்குள் பொதுவானது ஏதுமில்லை. வருமானம் வரும் வழி வேறு, ஆட்சியின் வடிவம் வேறு, ஆள் குறைந்ததற்கான காரணமும் வேறு.

மோனோவை, நெப்ராஸ்காவின் வடகிழக்கில் பாய்ட் கவுண்டியில் இருக்கிறது. (கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள, தனக்கென நிர்வாகமும் வரி விதிக்கும் அதிகாரமும் கொண்ட பிரிவு.) 1902ஆம் ஆண்டு ரயில்பாதை வந்ததை ஒட்டி எழுந்த இந்த ஊரில், உச்ச காலமான 1930களில் ஏறத்தாழ 150 பேர் வாழ்ந்தார்கள். பண்ணை வேலைக்கு இயந்திரங்கள் வந்து, சிறு பண்ணைகள் பெரிய பண்ணைகளோடு சேர்ந்து, இளைஞர்கள் ஒமாஹா போன்ற நகரங்களுக்குப் போகத் தொடங்கியபின், அந்த வட்டாரம் முழுவதுமே மெல்ல வடிந்தது. 1910இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பாய்ட் கவுண்டியில் 2010இல் 2,099 பேரும் 2020இல் 1,810 பேரும் இருந்தார்கள். ஆகவே மோனோவையின் கதையைத் தனிப்பட்ட ஒரு விபத்தாகப் பார்க்கக் கூடாது. பக்கத்து ஊர்களுக்கும் நடந்ததுதான் இங்கே கடைசி எல்லைவரை நடந்திருக்கிறது. தபால் நிலையமும் பள்ளியும் முறையே 1960களின் இறுதியிலும் 1970களிலும் மூடப்பட்டன. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எல்சி ஐலரும் அவருடைய கணவர் ரூடியும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். 2004இல் ரூடி இறந்தபின் எல்சி மட்டும் மிஞ்சினார்.

இங்கிருந்துதான் மோனோவை மற்ற ஆளற்ற ஊர்களிலிருந்து விலகி நிற்கிறது. நெப்ராஸ்காவில் ஒரு கிராமத்தைப் புதிதாகச் சட்டப்படி அமைக்கக் குறைந்தது 100 பேராவது வேண்டும்; ஆனால் ஏற்கெனவே அமைந்துவிட்ட கிராமம், ஆள் குறைந்துவிட்டது என்பதனாலேயே தானாகக் கலைந்துவிடுவதில்லை. எனவே எல்சி ஐலர் மேயராகவும் எழுத்தராகவும் பொருளாளராகவும் நூலகராகவும் இருந்துகொண்டு, தம்முடைய மதுக்கடைக்கான உரிமத்துக்கு விண்ணப்பித்து, அதைத் தாமே பரிசீலித்து, தாமே வழங்கியும் வந்திருக்கிறார். நான்கு தெருவிளக்குகளுக்காக மாநில அரசின் நிதி கிடைக்க வேண்டுமென்றால் ஆண்டுதோறும் சாலைத் திட்டம் ஒன்றை எழுதி அனுப்பியாக வேண்டும். அதையும் அவர்தான் எழுதினார். படிப்பவர்கள் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் அந்தக் காகிதம்தான் ஊரின் உயிர். அது போகாத ஆண்டில் மாநிலத்தின் பணமும் வராது.

ஊரின் பொருளாதாரம் என்று சொல்ல இருப்பது அந்த ஒரு மதுக்கடையும் அதை ஒட்டிய சமையலறையும்தான். அங்கே வருவோர் சுற்றுவட்டாரத்துப் பண்ணையாளர்கள், வேட்டைக்குப் போவோர், ‘ஒரே ஆள் வாழும் ஊர்’ என்று கேள்விப்பட்டுத் தொலைவிலிருந்து வரும் பயணிகள். கணவரின் நினைவாக அருகிலேயே ஏறத்தாழ 5,000 புத்தகங்களோடு ஒரு சிறிய நூலகமும் அமைந்தது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எவரும் அந்த ஊர்க்காரர் இல்லை. வருமானம் முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் கையும் வரி கட்டும் கையும் வரி வாங்கும் கையும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன.

வயோமிங்கின் பியூஃபர்டிலும் வாழ்ந்தவர் ஒருவர்தான், அங்கேயும் இருந்தது ஒரு கடைதான். ஷையனுக்கும் லாரமிக்கும் இடையே, ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் 80ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில் அமைந்த இந்த இடத்துக்கு மோனோவையைவிடப் பன்மடங்கு நல்ல வாய்ப்பு இருந்தது. 1860களில் ரயில்பாதை போடப்பட்டபோது சுமார் 2,000 பேர் இங்கே தங்கியிருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் எஞ்சியது ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு கடை, ஒரு வீடு, சுமார் 10 ஏக்கர் நிலம். 2012 ஏப்ரலில் அவை அனைத்தும் ஏலத்தில் 9 லட்சம் டாலருக்குப் போயின. வாங்கியவர் வியட்நாமைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர். அடுத்த ஆண்டே அந்த இடத்துக்குத் தம்முடைய காபி நிறுவனத்தின் பெயரைச் சேர்த்து ‘பின்டெலி டவுன் பியூஃபர்ட்’ என்று பெயரிட்டு, வியட்நாம் காபியை அங்கே விற்கத் தொடங்கினார். செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் கடை மூடிக்கிடக்கும் நிலையும் வந்துவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு ஒரு சட்டச் சொல்லில் வந்து நிற்கிறது. மோனோவை சட்டப்படி அமைந்த கிராமம், பியூஃபர்ட் அப்படி அமைந்ததில்லை. பியூஃபர்டுக்கு மேயர் கிடையாது, வரி கிடையாது, மாநிலத்திடம் கேட்டு வாங்கும் உரிமையும் கிடையாது. அதனால்தான் அதை ஒரு சொத்தாக விலைபேச முடிந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் கடந்துபோகும் சாலையோரத்தில் இருந்தும், உரிமையாளர் கடையைப் பூட்டியவுடன் ஊர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. எனவே போக்குவரத்தை மட்டும் பார்த்து ‘நல்ல இடம்’ என்று முடிவுகட்டுவோர் பியூஃபர்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

டெக்சாஸின் மேற்கு ஓரத்தில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிய லவிங் கவுண்டியின் கணக்கு தலைகீழானது. அங்கே குறையில்லாமல் இருப்பது பணம், குறைவது ஆள். ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கண்டது 64 பேரை மட்டுமே. 2010இல் அந்த எண்ணிக்கை 82. இது ஹவாயின் கலவாவோ கவுண்டியைவிடவும் குறைவு என்பதால், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட கவுண்டி இதுதான். தலைமையிடமான மென்டோனில் வசிப்போர் சுமார் 20 பேர்.

இந்த நிலத்துக்கு எண்களோடு பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இங்கே வாழ்ந்தவர்கள் 3 பேர்; ஆனாலும் 1893இல் போதுமான வாக்காளர்கள் இருப்பதாகக் காட்டும் மனு ஒன்றை நீட்டிக் கவுண்டி அமைக்கப்பட்டது. மோசடி வெளிப்பட்டு 1897இல் அது கலைக்கப்பட்டது. 1921இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபின், 1931இல் மீண்டும் முறையாக அமைந்தது. டெக்சாஸில் இருமுறை அமைக்கப்பட்ட கவுண்டி இது ஒன்றுதான். 1940இல் 285 பேர் என்ற உச்சத்தைத் தொட்டபின் எண்ணிக்கை இறங்கியது. (இடையே 1945இல் டெக்சாஸின் முதல் பெண் ஷெரிஃபாக, அதாவது கவுண்டியின் காவல் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டவர் இந்தக் கவுண்டியில்தான் பதவி வகித்தார் என்பது, ஆள் குறைந்த இடத்தில் பதவிக்கு ஆள் தேடும் நெருக்கடியிலிருந்தும் நல்லது பிறக்கும் என்பதற்குச் சான்று.)

டெக்சாஸில் மாநில வருமானவரி கிடையாது. உள்ளாட்சிகள் சொத்துவரியை நம்பியே நடக்கின்றன. உற்பத்தி நடக்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கனிம உரிமையும் சொத்தாகவே மதிப்பிடப்பட்டு வரிக்கு உள்ளாகிறது. எண்ணெய் வளம் மிக்க பெர்மியன் வடிநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள பாறைகளை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை 2010களில் வேகம் பிடித்தபின், 64 பேர் வாழும் கவுண்டியின் சொத்து மதிப்பு பல நூறு கோடி டாலராக உயர்ந்தது. ஆனால் அந்தச் செல்வத்தை ஈட்டித் தரும் தொழிலாளர்கள் தங்குவது தற்காலிக முகாம்களில். வாரக்கணக்கில் வேலை செய்துவிட்டு, தங்கள் குடும்பம் இருக்கும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். கணக்கெடுப்பு அவர்களை அந்த ஊர்களில்தான் எண்ணுகிறது. குடியேற நினைத்தாலும் வாங்குவதற்கு வீடு கிடைப்பது அரிது. கவுண்டிக்குள் இருந்த பள்ளி 1972இல் மூடப்பட்டு, பிள்ளைகள் பக்கத்துக் கவுண்டியிலுள்ள விங்க் ஊருக்குப் பேருந்தில் போகத் தொடங்கினார்கள். இரண்டு ஊருக்கும் பொதுவான பள்ளி மாவட்டம்தான் இந்த எண்ணெய் நிலத்தின் பள்ளி வரியை வாங்கிக்கொள்கிறது. பள்ளிக்கட்டடம் எந்த ஊரில் எழுகிறதோ அந்த ஊரில்தான் இளம் குடும்பங்கள் வீடு பார்க்கும் என்பதை நினைத்தால், லவிங் கவுண்டியின் பணம் பக்கத்து ஊரின் மக்கள்தொகையை வளர்க்கிறது என்று சொல்வதில் தவறில்லை.

அரசியலில் இதன் விளைவு விசித்திரமானது. 2020ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் டிரம்ப்புக்கு 60 வாக்கும் பைடனுக்கு 4 வாக்கும் பதிவாயின. இவ்விரண்டையும் கூட்டினாலே, குழந்தைகள் உட்பட அந்தக் கவுண்டியின் மொத்த மக்கள்தொகை வந்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலில் இருப்பவர் உண்மையில் அங்கேதான் வசிக்கிறாரா என்ற வழக்கு இங்கே ஓயாத ஒன்று. கையளவு வாக்குகளில் பெரும் வரவு செலவு யார் பொறுப்பில் போகும் என்பது முடிவாவதால், வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து நிர்வாகத்தைக் கைப்பற்றும் எண்ணமும் சிலருக்கு வந்திருக்கிறது. 2000களின் நடுவில் அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்னும் லிபர்டேரியன் கொள்கையினர் சிலர் அதற்கு முயன்று தோற்றார்கள். மோனோவையில் எல்சிக்குப் பாரமாக இருந்த பதவிகள் இங்கே போட்டிக்குரிய பரிசாகிவிட்டன.

விட்டியரைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், மற்ற மூன்றிலும் இல்லாத ஒன்று அங்கே இருப்பதுதான்: மக்கள் சேர்ந்து வாழும் ஒரு கூரை. அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய இந்த நிலத்தை அமெரிக்க ராணுவம் இரண்டாம் உலகப் போரின்போது துறைமுகமாக ஆக்கியது, பனிக்காலத்திலும் உறையாத ஆழ்கடல் துறை என்பதற்காக. 1957இல் கட்டிமுடிக்கப்பட்ட 14 மாடிக் கட்டடம் ஒன்று, பெகிச் டவர்ஸ் என்ற பெயரில் இன்று ஊரின் பெரும்பாலோரின் வீடாக இருக்கிறது. தபால் நிலையம், மளிகைக் கடை, தேவாலயம் ஆகியவையும் அதற்குள்ளேயே உண்டு. பிள்ளைகள் ஒரு சுரங்க நடைபாதை வழியாகப் பள்ளிக்குப் போகிறார்கள். ராணுவம் 1960இல் வெளியேறியபோதே இந்த ஊர் முடிந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டில், 1964ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் எழுந்த அலைகள் இங்கே 13 பேரைக் கொன்றன. ஆயினும் ஊர் 1969இல் நகராட்சியாக அமைந்து, பிறகு ராணுவம் விட்டுச்சென்ற கட்டடத்தைத் தனதாக்கிக்கொண்டது. 2000இல் 182, 2010இல் 220, 2020இல் 272 என்று மக்கள்தொகை ஏறியிருக்கிறது. இந்த ஒப்பீட்டில் வளர்ந்திருக்கும் இடம் இது ஒன்றே.

அந்த ஏற்றத்துக்கான பெரிய காரணம், 2000 ஜூனில் மோட்டார் வண்டிகளுக்கும் திறக்கப்பட்ட ஆண்டன் ஆண்டர்சன் சுரங்கப்பாதை என்று நான் கருதுகிறேன். ரயிலுக்காக 1940களில் குடையப்பட்ட, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒற்றைத் தடத்தில் ரயிலும் காரும் முறைவைத்துப் போகின்றன. திசை மாறி மாறித் திறக்கப்படுகிறது, இரவில் மூடப்படுகிறது. துறைமுகம், சரக்கு ரயில், மீன்பிடி, படகுச் சவாரி, கோடைகாலச் சுற்றுலாக் கப்பல்கள் என வருமானத்துக்கு ஐந்தாறு வாய்க்கால்கள் உண்டு. கப்பல் பயணிகளிடம் அலாஸ்கா வசூலிக்கும் வரியில் ஒரு பங்கு துறைமுக ஊர்களுக்கும் பகிரப்படுகிறது. லவிங் கவுண்டியின் வருமானத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் அதைப் பெற்றுச் செலவழிக்கும் நகராட்சியும் அதன் பயனை அனுபவிக்கும் குடும்பங்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மோனோவையின் மக்கள்தொகையை 2 என்று காட்டியது. தனிநபர் விவரம் வெளிப்படாமல் காக்க, சிற்றூர்களின் எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றம் கலக்கப்பட்டதன் விளைவு அது. மேயரோ தாம் ஒருவர்தான் என்று மறுத்தார். வருமானக் கணக்குகளின் நிலை இன்னும் மோசம். மாதிரிக் கருத்தாய்விலிருந்து வரும் சராசரியில், 64 பேர் வாழும் இடத்தில் பிழைக்கான இடைவெளி கிடைத்த எண்ணையே விழுங்கிவிடும். ஆகவே இவ்வூர்களில் ‘சராசரி வருமானம்’ என்று எவராவது எழுதியிருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, வரி எங்கே போகிறது, பள்ளி எங்கே இருக்கிறது, இரவில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பதே மேல்.

அந்த அளவுகோலில் நான் விட்டியரையே முதலிடத்தில் வைப்பேன். மோனோவை அடுத்தது, ஆனால் அதன் ஆயுள் ஒருவருடைய ஆயுளோடு கட்டப்பட்டது. லவிங் கவுண்டி எண்ணெய் உள்ளவரை நிர்வாகமாக நிற்கும், ஊராக வளராது. பியூஃபர்ட் இந்தப் பட்டியலில் இடம்பெறுவதே அதன் விளம்பரத்தின் தயவால். விட்டியருக்கு நான் தரும் முதலிடமும் முழு நிம்மதியோடு தரப்படுவதில்லை. 2020இல் சுற்றுலாக் கப்பல்கள் வராத கோடையை அந்த ஊர் கண்டது. அதே ஆண்டு மே மாதத்தில், பனிப்பாறை பின்வாங்கியதால் பிடிமானம் இழந்த பேரி ஆர்ம் மலைச்சரிவு சரிந்தால் எழக்கூடிய அலை விட்டியரையும் தாக்கலாம் என்று அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். ஊரையே ஒன்றுசேர்த்து வைத்திருக்கும் கட்டடத்துக்கும் எழுபது வயதை நெருங்கிவிட்டது. நிலத்தின் பெரும்பகுதி மாநிலத்தின் ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருப்பதால், இன்னொரு கட்டடம் எழுப்ப நினைத்தால் முதலில் பேச வேண்டியது அந்த நிறுவனத்தோடுதான்.